சாம்பல் மேட்டு நொதியும் ஒரு பொறியாளரின் கேள்வியும்

"கலக்கிக் கொட்டப்போற சரக்கை எதுக்கு மேடம் இவ்வளவு சுத்தப்படுத்துறீங்க?"

கோவையில் நடந்த ஒரு கருத்தரங்கில் நான் பேசி முடித்ததும், காகித ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர் எழுந்து இப்படிக் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருடைய ஆலையில் நாளுக்கு டன் கணக்கில் மரக்கூழ் ஓடுகிறது. நொதி என்பது அவருக்குக் கேனில் வந்து இறங்கும் பழுப்புத் தண்ணீர், அதைக் கூழில் ஊற்றிக் கலக்குவார்கள், அவ்வளவுதான். நானோ, ஒரு பாக்டீரியா வளர்ந்த லிட்டர் கணக்கான திரவத்தில் இருந்து மாதக்கணக்கில் பாடுபட்டுக் கடைசியில் சில மில்லிகிராம் தூய புரதத்தை எடுத்து, அதன் எடை என்ன, எந்த வெப்பத்தில் நன்றாக வேலை செய்கிறது, எந்தக் காரத்தில் சோர்கிறது என்று படம் படமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். "பண்புகளைச் சரியா தெரிஞ்சுக்கணும்னா தூய நொதி வேணும் சார்" என்று சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஆனால் அது பாடப்புத்தகப் பதில், எனக்கே அது போதவில்லை. ஊட்டிக்குத் திரும்பும் வழியில், மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு, பர்லியாறு என்று பஸ் ஏற ஏற அந்தக் கேள்வியும் கூடவே ஏறி வந்தது. நான் பேசியது சைலனேஸ் பற்றி, செடி நாரில் உள்ள சைலான் என்ற சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் நொதி அது. அதைப் பற்றிய ஆய்வேடுகள் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் குவிந்து கிடக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே அச்சு: மண் எடு, பாக்டீரியாவைப் பிரி, நொதியைச் சுத்தப்படுத்து, பண்புகளை அட்டவணையில் போடு. இந்த வேலையால் யாருக்கு என்ன தெரியவருகிறது என்ற கேள்வியை உள்ளே இருக்கும் நாங்கள்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆலையில் இருந்து வந்த ஒருவர் கேட்டார். அதனால் என் பதிலை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கற்பூர மரத்தடியில்

எங்கள் பாக்டீரியா வந்த இடத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்த இடமே கதையில் பாதி. நீலகிரி மண் புளிப்பு மண். தேயிலைக்கு அதுதான் பிடிக்கும், பிஎச் நாலரையில் இருந்து ஐந்தரைக்குள் இருந்தால் செடி செழிக்கும். உருளைக்கிழங்கும் முட்டைகோசும் போடுகிறவர்கள் மண்ணின் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்போ டோலமைட்டோ போடுகிறார்கள். இப்படிப்பட்ட மலையில் காரத்தை விரும்பும் பாக்டீரியாவைத் தேடுகிறேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு விநோதமாகத்தான் இருக்கும். பிஎச் 9, 10 என்றால்தான் உற்சாகமாக வளரும், சாதாரண நடுநிலைத் தண்ணீரில் சுணங்கும் உயிர்கள் இவை. காரம் மிகுந்த சோடா ஏரிகளில் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஜப்பானில் இந்தத் துறையையே தொடங்கிவைத்த கோக்கி ஹொரிகோஷி 1960-களின் கடைசியில் இந்தத் தேடலை ஆரம்பித்தபோது சோடா ஏரிக்குப் போகவில்லை. சாதாரணத் தோட்ட மண்ணைக் காரமான வளர்ப்பு ஊடகத்தில் போட்டுப் பார்த்தார், வளர்ந்தன. அமில மண்ணில்கூட இவை கிடைக்கின்றன என்பது பிறகு தெரியவந்தது. மண் என்பது மேலிருந்து பார்க்கும்போதுதான் ஒரே பிஎச். ஒரு கிராமுக்குள்ளேயே ஒரு எலும்புத் துண்டைச் சுற்றி, ஒரு சுண்ணாம்புக் கட்டியைச் சுற்றி, கரையானின் வயிற்றுக்குள் என்று தனித்தனி உலகங்கள் இருக்கின்றன.

எங்களுக்கு வாய்த்த உலகம் ஒரு தைலக் கொட்டகையின் பின்புறம். ஊட்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, கற்பூர மர (யூக்கலிப்டஸ்) இலையை அண்டாவில் அடைத்து, தண்ணீர் ஊற்றி, அடியில் தீ போட்டு, ஆவியைக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டுக் குளிரவைத்து நீலகிரித் தைலம் இறக்குவார்கள். காய்ச்சி முடிந்த இலையைக் காயவைத்து அதையே அடுப்புக்கு விறகாகப் போடுகிறார்கள். சாம்பலைப் பின்னால் கொட்டுகிறார்கள், எரியாமல் மிஞ்சிய இலையும் பட்டையும் சுள்ளியும் அதோடு சேர்ந்தே போகின்றன. பல வருடச் சாம்பல், மேலே மழை, உள்ளே மட்கும் இலை. மேல் அடுக்கை ஒரு குச்சியால் விலக்கினால் கீழே சாம்பலும் இலை நரம்பும் பசைபோலக் கலந்து, கறுப்பும் வெளுப்புமாக, லேசான தைல வாசனையோடு இருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து பிஎச் தாளை வைத்ததும் நிறம் பத்தை ஒட்டிப் போனது. காரம் இருக்கிறது, தின்பதற்கு நார் இருக்கிறது. கொட்டகைக்காரர் "சாம்பலை எடுத்துட்டுப் போய் என்னம்மா செய்வீங்க, பாத்திரம் தேய்க்கவா?" என்று கேட்டார். காகிதம் வெளுக்க ஒரு மருந்து தேடுகிறோம் அண்ணா என்றேன். "இந்த மரத்துலதானே காகிதமும் பண்றாங்க?" என்றார். அவர் சொன்னது சரிதான், விஷயத்தின் மையமே அதுதான்.

செடியின் நார் என்று நாம் சொல்வது செல்லுலோஸ் மட்டும் இல்லை. செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி சைலான் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலி படர்ந்திருக்கிறது, இரண்டையும் லிக்னின் என்ற பிணைப்புப் பொருள் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆலையில் மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் சேர்த்து 160, 170 டிகிரியில் வேகவைக்கும்போது லிக்னினில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. சைலானும் கரைகிறது, ஆனால் சமையலின் கடைசியில் காரம் குறையும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வந்து நாரின் மேல் படிந்துவிடுகிறது. மிச்ச லிக்னின் அதற்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. கூழ் பழுப்பாக இருப்பது அதனால்தான். அதை வெளுக்க முன்பெல்லாம் குளோரினைக் கொட்டினார்கள். குளோரினும் லிக்னினும் சேர்ந்தால் டயாக்சின் உட்பட நச்சான குளோரின் சேர்மங்கள் உண்டாகி ஆற்றில் கலக்கின்றன. 1986-இல் பின்லாந்தில் லீசா வீக்காரியும் அவருடைய குழுவினரும், வெளுப்பதற்கு முன் கூழில் சைலனேஸ் போட்டால் வெளுக்கும் ரசாயனம் குறைவாகவே தேவைப்படுகிறது என்று காட்டினார்கள். நொதி வெளுப்பதில்லை, சைலான் படலத்தை வெட்டி வழிவிடுகிறது. அப்புறம் ரசாயனம் லிக்னினை எளிதாக எட்டுகிறது.

இங்கே இரண்டு நிபந்தனைகள். ஒன்று, வெந்து வரும் கூழ் சூடாகவும் காரமாகவும் இருக்கும். அதை ஆறவைத்து அமிலம் ஊற்றி நடுநிலைக்குக் கொண்டுவந்து நொதி போடுவது செலவு, காரத்திலேயே வேலை செய்யும் நொதி கிடைத்தால் நல்லது. இரண்டு, அதில் செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் என்ற நொதி கலந்திருக்கக் கூடாது. செல்லுலோஸ்தான் காகிதம், அதை வெட்டினால் காகிதத்தின் வலுவே போய்விடும். எங்கள் சாம்பல் மேட்டு பாக்டீரியா, பேசில்லஸ் என்ற இனத்தது, இரண்டாவது நிபந்தனையை ஆரம்பத்திலேயே தாண்டியது. சைலான் தட்டில் காங்கோ ரெட் என்ற சாயத்தை ஊற்றி உப்புத் தண்ணீரால் கழுவியபோது, செக்கச் சிவந்த தட்டில் ஒவ்வொரு காலனியைச் சுற்றியும் சைலான் வெட்டுப்பட்ட இடம் வெளிறிய வட்டமாக விழுந்தது. செல்லுலோஸ் வகைத் தட்டில் அப்படி எதுவும் விழவில்லை. முதல் நிபந்தனையில்தான் சிக்கல் தொடங்கியது.

மலை மேல் வேலை

சிக்கலுக்கு வரும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், சமவெளியில் இருக்கும் நண்பர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சைலனேஸை அளக்கும் டிஎன்எஸ் முறையில், நொதி விடுவித்த சர்க்கரையோடு டிஎன்எஸ் கரைசலைச் சேர்த்துக் கொதிநீரில் வைக்க வேண்டும், மஞ்சள் நிறம் செம்பழுப்பாக மாறும், அந்த நிறத்தின் அடர்த்தியை 540 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். 1959-இல் மில்லர் எழுதிய முறை, இன்றும் இந்தத் துறை அதன் மேல்தான் ஓடுகிறது. "கொதிநீரில் ஐந்து நிமிடம்" என்று செய்முறைத் தாளில் எழுதியிருப்பதைக் கோவையிலும் ஊட்டியிலும் ஒரே மாதிரி செய்தால் ஒரே நிறம் வராது. அதனால் நிறத்தில் இருந்து சர்க்கரை அளவைக் கணக்கிட, கீழே போட்ட நியமக் கோட்டைக் கொண்டுவந்து இங்கே பயன்படுத்த முடியாது, ஒவ்வொரு முறையும் அதே தொட்டியில், அதே நேரத்தில், தெரிந்த அளவு சைலோஸையும் (சைலான் சங்கிலியின் சர்க்கரை) சேர்த்தே வைக்க வேண்டும். நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவும் அப்படித்தான். 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி என்று நாம் மனப்பாடம் செய்திருப்பது கடல் மட்டத்துக் கணக்கு. இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால், மானி 15 காட்டும்போது உள்ளே 117 டிகிரிதான். பேசில்லஸ் வித்துகள் பிழைத்துக்கொள்ளும் வெப்பம் அது. மானியைப் பார்க்காமல் வெப்பமானியைப் பார்த்தால் தொல்லை இல்லை. இதையெல்லாம் எந்த ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலும் பார்க்க முடிவதில்லை, எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஊடகம் ஹொரிகோஷியுடையதுதான், எங்கள் மாற்றம் குளுக்கோஸுக்குப் பதில் கோதுமைத் தவிடு. லிட்டருக்கு 10 கிராம் சோடியம் கார்பனேட். அதைத் தனியாகக் கிருமிநீக்கி, ஆறியபின் சேர்க்க வேண்டும், சேர்த்தே வைத்தால் சர்க்கரை கருகிப் பழுப்பாகிவிடும். பாக்டீரியா இரண்டு மூன்று நாளில் தவிட்டைக் கரைத்துக் குழம்பாக்கிவிடும். செல்களைச் சுழற்றி அடியில் தள்ளிவிட்டு மேலே இருக்கும் தெளிந்த திரவத்தை எடுத்தால் அதில்தான் நொதி இருக்கிறது. இந்த பாக்டீரியாவின் செல்லுக்குள் பிஎச் பத்து கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. வெளியே எவ்வளவு காரமாக இருந்தாலும், சோடியத்தை வெளியே தள்ளிப் புரோட்டானை உள்ளே இழுத்து, செல் தன் உட்புற பிஎச்சை எட்டை ஒட்டியே வைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் நொதிகளுக்குக் காரத்தைத் தாங்க வேண்டிய அவசியமே இல்லை. வெளியே அனுப்பப்படும் நொதிகள்தான் காரத்தில் தனியாக நின்று வேலை செய்தாக வேண்டும். சைலான் செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய சங்கிலி என்பதால் சைலனேஸ் வெளியேதான் போயாக வேண்டும். இந்த விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வருகிறது.

சரி, சிக்கல். சுத்தப்படுத்தாத அந்தத் திரவத்தை வைத்து பிஎச்சுக்கு எதிராகச் செயல்பாட்டை வரைந்தால், ஏழில் ஒரு மேடு, அப்புறம் சரிவு, ஒன்பதை ஒட்டி ஒரு தோள்போலச் சற்று நிமிர்வு, அப்புறம் இறக்கம். இதைப் பார்த்துவிட்டு "உகந்த பிஎச் 7" என்று எழுதி முடித்துவிடலாம். முடித்திருந்தால் சாம்பல் மேட்டுக்குப் போனதே வீண், ஏழில் வேலை செய்யும் சைலனேஸ் எங்கும் கிடைக்கிறது. "9 வரை செயல்படும் நொதி" என்று கொஞ்சம் நீட்டியும் எழுதலாம், எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தோளைத்தான் என் ஆராய்ச்சி மாணவி விடவில்லை. "மேம், ஒரே என்சைமா இருந்தா கோடு ஏன் இப்படி வளையுது?" என்று மறுபடியும் மறுபடியும் பஃபரை, அதாவது பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலை, மாற்றிப் போட்டுப் பார்த்தாள். பஃபரை மாற்றினாலும் தோள் போகவில்லை.

ஒட்டாமல் போன பகுதி

சுத்தப்படுத்துவதில் முதல் படி அம்மோனியம் சல்பேட். உப்பைச் சேர்க்கச் சேர்க்கப் புரதம் கரைய இடமில்லாமல் படியும். கார நொதிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு தொல்லை இங்கே உண்டு. பிஎச் ஒன்பதே காலில் அம்மோனியத்தில் பாதி அம்மோனியாவாகிவிடும். பத்தில் இருக்கும் திரவத்தில் அப்படியே உப்பைக் கொட்டினால் மூக்கில் ஏறும், கண் எரியும், எவ்வளவு உப்பு உள்ளே இருக்கிறது என்ற கணக்கும் பொய்யாகும். முதலில் பிஎச்சை எட்டுக்கு இறக்க வேண்டும், நொதி அதைத் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். உப்பின் அளவுக்கும் அட்டவணை வெப்பத்தைப் பொறுத்து மாறும், லிட்டருக்கு முழு நிறைவுக்கு பூஜ்ஜியம் டிகிரியில் 697 கிராம், 25 டிகிரியில் 767 கிராம். ஜனவரி மாதக் காலையில் எங்கள் அறை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும் என்பதால் பனிக்கட்டித் தொட்டியில் வைத்துப் பூஜ்ஜிய அட்டவணையையே பின்பற்றுவது எங்கள் வழக்கம். அப்புறம் டயாலிசிஸ், உப்பை விரட்ட.

அடுத்தது அயனிப் பரிமாற்றம். டிஇஏஇ பிசின் நிரப்பிய கண்ணாடிக் குழாய். பிசினில் நேர் மின்சுமை இருக்கிறது, எதிர்ச் சுமை கொண்ட புரதம் ஒட்டிக்கொள்ளும், மற்றவை ஒட்டாமல் கீழே இறங்கிவிடும். ஒட்டியதை உப்பின் செறிவை மெல்ல மெல்லக் கூட்டிக் கழற்றி எடுப்போம். ஒட்டாமல் இறங்கியதைப் பொதுவாக யாரும் பெரிதாக மதிப்பதில்லை, பல ஆய்வகங்களில் அது நேரே தொட்டிக்குப் போகும். எங்கள் வழக்கம், குழாயில் இருந்து சொட்டும் எல்லாவற்றையும் சோதனைக் குழாய்களில் வரிசையாகப் பிடித்து ஒவ்வொன்றிலும் டிஎன்எஸ் போட்டுப் பார்ப்பது. அன்று மாலை குழாய்களை ஸ்டாண்டோடு கொதிநீரில் இருந்து தூக்கியபோது, கழற்றி எடுத்த பகுதியில் நாலைந்து குழாய்கள் செம்பழுப்பாக இருந்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆரம்பத்திலேயே, ஒட்டாமல் இறங்கிய குழாய்களிலும் அதே செம்பழுப்பு. நடுவில் ஒரு நீளம் வெறும் மஞ்சள். பிசின் நிரம்பிவிட்டதால் வழிந்ததா என்று பார்க்க, ஒட்டாத பகுதியைப் புதுப் பிசினில் மறுபடி விட்டோம். மறுபடியும் ஒட்டாமலே வந்தது. அப்படியானால் அது வேறு ஆள்.

இரண்டையும் தனித்தனியாக, புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினோம். ஜெல்லுக்குள்ளேயே சைலானைக் கலந்து வார்த்து, ஓடி முடிந்ததும் புரதத்தை அதன் பழைய மடிப்புக்குத் திரும்பவைத்து, காங்கோ ரெட்டில் ஊறவைத்தால் நொதி இருக்கும் இடம் மட்டும் சிவப்பில் வெளிறிய கோடாகத் தெரியும். ஒட்டியதில் மூலக்கூறு எடை நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல் ஒரு கோடு, ஒட்டாததில் இருபதாயிரத்துக்கும் கீழே ஒரு கோடு. தனித்தனியாக பிஎச் வளைவு போட்டோம். சின்னது ஏழில் உச்சம், எட்டரைக்கு மேல் ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. பெரியது ஏழில் இருந்து ஒன்பதரை வரை அசையாமல் அகலமாக நிற்கிறது. சின்னதன் அளவு அதிகம் என்பதால் கலவையில் அதன் உச்சம்தான் பெரிதாகத் தெரிந்திருக்கிறது, பெரியது அதன் பின்னால் ஒரு தோளாக மட்டும் எட்டிப் பார்த்திருக்கிறது. இரண்டு குடித்தனத்துக்கு ஒரே கரண்ட் மீட்டர் மாட்டியிருந்தால் யார் எவ்வளவு எரித்தார்கள் என்று மீட்டர் சொல்லாது, அந்தக் கலவை வளைவு அப்படிப்பட்ட மீட்டர்.

இது உலகத்துக்குப் புதுச் செய்தி இல்லை. ஹொரிகோஷி குழுவின் புகழ்பெற்ற சி-125 என்ற பாக்டீரியாவிலும் இதேபோல இரண்டு சைலனேஸ்கள்: ஏறத்தாழ 43,000 எடையுள்ள ஒன்று பிஎச் 6 முதல் 10 வரை வேலை செய்யும், 16,000 எடையுள்ள இன்னொன்று ஆறேழில்தான் வேலை செய்யும். சைலனேஸ்களில் பத்தாம் குடும்பம், பதினோராம் குடும்பம் என்று இரண்டு பெரிய பிரிவுகள், முன்னது பொதுவாகப் பெரிய உடம்பு, எதிர்ச் சுமை கொண்ட அமிலப் புரதம், பின்னது சின்ன உடம்பு, நேர்ச் சுமை கொண்ட காரப் புரதம் (இது புரதத்தின் மின்சுமை பற்றியது, அது வேலை செய்யும் பிஎச் வேறு). டிஇஏஇயில் ஒன்று ஒட்டியதும் ஒன்று ஒட்டாததும் அதனோடு அழகாகப் பொருந்துகிறது. புதுமை இல்லாவிட்டாலும், பொறியாளர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அந்த மாலையில்தான். ஆலையில் கலவையைத்தான் ஊற்றப்போகிறார்கள், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கலவையில் முக்கால்வாசி, அவர்களுடைய கூழில் விழுந்தவுடன் கை கட்டி நிற்கப்போகிற நொதியாக இருந்தால், நொதியின் வேலைத்திறனைச் சொல்ல கேனில் ஒட்டியிருக்கும் யூனிட் கணக்குக்கு என்ன அர்த்தம்? கேனின் மேல் எழுதியிருப்பது ஏழில் அளந்த யூனிட்டாக இருந்தால், ஒன்பதில் வேலை செய்யும் பங்குக்கு அவர் கொடுக்கும் விலை பல மடங்கு. இதைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் அவருக்குச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் தெரிந்தது. வளரும்போது பாக்டீரியா அமிலங்களை வெளியிடுவதால் ஊடகத்தின் காரம் தானாகவே இறங்கும். இடையிடையே கார்பனேட் சேர்த்துக் காரத்தை இறங்காமல் பிடித்துவைத்தால், ஒட்டும் பகுதியில் கிடைக்கும் நொதியின் பங்கு கூடுகிறது. அதாவது எந்த நொதி அதிகம் வேண்டுமோ அதற்குத் தக்கபடி பாக்டீரியாவை வளர்க்கலாம், சுத்தப்படுத்தாமலே நல்ல கலவை எடுக்கலாம். ஒரே பாக்டீரியா எதற்கு இரண்டு வைத்திருக்கிறது என்று யோசிக்கும்போது எனக்குச் சாம்பல் மேடுதான் நினைவுக்கு வருகிறது. தென்மேற்குப் பருவமழை அடித்துக் கழுவும் மாதங்களில் அந்த மேட்டின் காரம் குறைந்துதான் ஆக வேண்டும், வெயிலில் அடுப்பு எரிய எரிய மறுபடி ஏறும். இரண்டு காலத்துக்கும் ஆளுக்கொரு கருவி வைத்திருப்பது அதற்கு லாபம். இது என் ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம்.

எந்த ஒன்பது?

இந்த இடத்தில் துறைக்குள்ளே இருப்பவர்களிடம் கொஞ்சம் உரிமையோடு ஒன்று சொல்ல வேண்டும். டிரிஸ் பஃபரின் பிஎச் வெப்பத்தோடு மாறும், ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 0.028 இறங்கும். பாடத்தில் படித்திருக்கிறோம், தேர்விலும் எழுதியிருக்கிறோம். ஆனால் ஊட்டியில் 15 டிகிரி அறையில் பிஎச் 9 என்று சரிசெய்த டிரிஸை 60 டிகிரித் தொட்டியில் வைத்து நொதியை அளந்தால், அங்கே இருப்பது 7.7-தான். கார நொதிகளுக்கு எல்லோரும் எடுக்கும் கிளைசின் பஃபரும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்குகிறது. பாஸ்பேட் அசைவதில்லை, ஆனால் அது எட்டுக்கு மேல் உதவாது. ஆக, "60 டிகிரியில், பிஎச் 9-இல் முழுச் செயல்பாடு" என்று எழுதியிருக்கும் எத்தனையோ வரிகளில் அந்த 9 எந்த வெப்பத்தில் அளந்த 9 என்று சொல்லப்படவே இல்லை. ஆலைக்காரர் அதை நம்பி 60 டிகிரியில் நிஜமாகவே 9 இருக்கும் கூழில் ஊற்றுவார், நொதி வேலை செய்யாது, "உங்க காலேஜ் என்சைம் எல்லாம் பேப்பர்ல மட்டும்தான் வேலை செய்யும்" என்பார். அந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன், அது வலிக்கிறது. பஃபரை அதே தொட்டியில் சூடாக்கி அங்கேயே பிஎச் மானியை விட்டு அளந்து சரிசெய்தால் தீர்ந்துபோகும் விஷயம் இது.

இதே வரிசையில் "எத்தனை மடங்கு சுத்தம்" என்ற எண்ணையும், அதாவது ஒரு மில்லிகிராம் புரதத்துக்கான செயல்பாடு தொடக்கத்தைவிட எத்தனை மடங்கு கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு மடங்கு குறைவாகத்தான் வந்தது, மாணவி அட்டவணையைப் பார்த்து முகம் வாடினாள். நேர்முகத் தேர்வில் கேட்பார்களே என்ற கவலை. தவிட்டில் வளர்ந்த பேசில்லஸ் வெளியே விடும் புரதத்தில் சைலனேஸே பெரும்பங்கு என்றால், மடங்கு எப்படி அதிகம் வரும்? தொடக்கமே செழிப்பாக இருந்தது என்றுதான் அதற்குப் பொருள். பெரிய மடங்கைக் காட்ட வேண்டும் என்று படிமேல் படி சேர்த்து, நொதியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் கடைசியில் மிஞ்சியது என்று ஆய்வேடுகள் வருகின்றன. அந்த இரண்டு பங்கில் அளந்த பண்பு மீதித் தொண்ணூற்றெட்டுக்கும் பொருந்துமா, அல்லது எங்களுடையதைப்போல ஒட்டாமல் போன இன்னொரு ஆள் தொட்டியில் போய்விட்டாரா என்று கேட்கும் தேர்வாளர்கள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும்.

பிரித்தபின் பார்த்தால் இரண்டு நொதிக்கும் இரண்டு குணம். சின்ன உடம்புக்காரர் நாரின் நுண்துளைகளுக்குள் எளிதில் புகலாம். பெரியவர் சைலான் சங்கிலியில் கிளைகள் தொங்கும் இடங்களிலும் வெட்டக்கூடியவர், பத்தாம் குடும்பத்துக்கு அந்தத் திறமை உண்டு. கற்பூர மரச் சைலானில் கிளைகள் உண்டு. ஆக, பெரியவரை மட்டும் ஊற்றுவதைவிட இருவரையும் சேர்த்து ஊற்றுவது நல்லதாக இருக்கலாம். கூழின் பிஎச் எட்டுக்கு அருகே இருந்தால் சின்னவரும் வேலை செய்வார். பொறியாளர் சொன்னபடி கலவையே வென்றுவிடவும் கூடும், அப்படி வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எந்த விகிதத்தில் கலவை என்று சொல்ல, தூய இரண்டும் தனித்தனிக் குப்பியில் இருக்க வேண்டும்.

இந்த மலையில் கற்பூர மரமும் சீகை மரமும் (வாட்டில்) இனி எவ்வளவு நாள் என்று தெரியாது, அவற்றை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்க வேண்டும் என்ற பேச்சு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மீட்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். வெட்டும் மரங்களில் பெரும்பகுதி ஏதோ ஒரு கூழ் ஆலைக்குத்தான் போகும். மலைக்குக் கீழே சிறுமுகையில், மரக்கூழில் இருந்து இழை செய்யும் விஸ்கோஸ் ஆலை ஓடிய நாட்களில் அதன் கழிவால் பவானி ஆறு பட்டபாடு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மறக்காது. அதனால் கூழை எதைக் கொண்டு, எவ்வளவு ரசாயனத்தில் வெளுக்கிறார்கள் என்பது மலைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருப்பவர்களின் பிரச்சினையும்கூட. இப்போதைக்கு எங்கள் திட்டம் சின்னது: பெரியவர் மட்டும், சின்னவர் மட்டும், இருவரும் பல விகிதங்களில், எதுவும் போடாத ஒன்று என்று கூழை வரிசையாக வைத்து, 60 டிகிரியில் நிஜமான 8-லும் நிஜமான 9-லும் ஊறவிட்டு, மிஞ்சிய லிக்னினைக் கப்பா எண்ணால் அளப்பது. வெளுக்காத கூழ் கொஞ்சம் கொடுத்து உதவ ஓர் ஆலையில் கேட்டிருக்கிறோம். மூங்கில் கூழ் கைவசம் இருக்கிறது, உடனே அனுப்பலாம் என்றார்கள். காத்திருக்கிறோம், கற்பூர மரக் கூழே வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.